யேசுரட்ணமும் கப்பல் நாயும்

லண்டனில் தோர்ண்டன் ஹீத் தேவாலயப் பங்கு மக்கள் கோடையில் சுற்றுலா போனால் பஸ்ஸில் மைக் யேசுரட்ணத்தின் கையில்தான் இருக்கும். தபால் நிலையத்தில் இருபத்தாறு வருடம் கடிதம் பிரித்து ஓய்வுபெற்றவர். வீட்டிலக்கம் பிழையானாலே பொறுக்கமாட்டார், சரித்திரத்தில் பிழை விடுவாரா? போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்குப் போவதென்று முடிவானதும் மூன்று மாதம் நூலகமே கதியென்று கிடந்தார்.

சுற்றுலா அன்று கில்ட்ஃபோர்டுக்குக் கிட்ட வீதியில் முன்னால் ஏதோ விபத்து. பஸ் அசையவில்லை. கடற்படை, கப்பல் கட்டும் துறை, அரசர்கள் என்று ஐந்நூறு வருடத்தையும் அவர் சொல்லி முடித்துவிட்டார். பாதிப்பேர் நித்திரை.

"மூழ்கி நானூற்றுச் சொச்சம் வருசத்துக்குப் பிறகு மேரி றோஸ் எண்ட போர்க்கப்பலைக் கடலுக்குள்ள இருந்து தூக்கினவங்கள். அதில ஒரு நாயின்ர எலும்புக்கூடும் கிடைச்சது, தச்சன்ர அறைக்குக் கிட்ட."

தலைகள் நிமிர்ந்தன.

"அது ஏன் அண்ணை நீந்தித் தப்பேல்லை?" என்று கேட்டார் முன் இருக்கையில் இருந்த துசியந்தி. கோயில் பாடகர் குழுவின் தலைவி.

புத்தகத்தில் பதில் இல்லை. பஸ்ஸும் நகர்வதாக இல்லை.

"தச்சன் உளியை எடுக்கத் திரும்பிப் போனவன். நாய் அவனை விட்டிட்டு வரேல்லை."

பிறகு யேசுரட்ணத்தின் வாய் தன்பாட்டில் ஓடியது. நாய்க்கு இடது காது கேளாது. தச்சன் தன் சாப்பாட்டுப் பாணில் பாதியை அதற்குக் கொடுப்பான். பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். துசியந்தி செபமாலையை எடுத்தார்.

போர்ட்ஸ்மத்தில் அந்தக் கப்பலை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தில் நாற்பது பேரும் அந்த எலும்புக்கூட்டின் முன்னால் குவிந்தார்கள். கப்பலைப் பார்க்க ஆளில்லை. துசியந்தி அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் இடது காதைப் பற்றி விசாரித்தார். அப்படியொன்றும் எங்களுக்குத் தெரியாதே என்று அந்தப் பெண் விழித்தாள். யேசுரட்ணம் மெதுவாக நகர்ந்து ஒரு பீரங்கியை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

திரும்பி வரும்போது மைக்கைப் பிடித்தார்.

"உளி, காது, பாண், மூண்டும் நான் கட்டின கதை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."



"அப்ப அந்த அரசர்மார்?" என்றார் துசியந்தி.

"அது எல்லாம் உண்மை."

"உண்மைக்கு நித்திரை கொண்டிட்டம். பொய்க்கு அழுதிட்டம். நான் சொன்ன செபமாலையை இனித் திருப்பி வாங்கேலாது அண்ணை."

பஸ் முழுக்கச் சிரித்தது. யேசுரட்ணத்துக்குச் சிரிப்பு வரவில்லை, காது இரண்டும் சிவந்திருந்தன.

அடுத்த வருடம் பிறிஸ்டல். இந்தமுறை அவர் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டார். "புத்தகத்தில உள்ளதைச் சொல்லேக்க மைக்கை வலது கையில பிடிப்பன். என்ர சொந்தச் சரக்கெண்டால் இடது கையில."

பிறிஸ்டல் போய்ச் சேரும்வரை ஒருவரும் கண் மூடவில்லை. எல்லாரும் அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.