ரசூல் பீவி கேட்ட சம்மதம்

"வலது கைய மூடுறதா மனசுல நெனைங்க மச்சான். மூடியாச்சா? இப்ப விடுங்க."

ரசூல் பீவி குனிந்து கணவர் அப்துல் பாரியின் காதில் சொன்னாள். ஒட்ட வெட்டிய அவர் தலையிலிருந்து ஒயர்கள் பக்கத்துப் பெட்டிக்குப் போயின. கண்கள் திறந்திருந்தன. கை கிடந்தபடி கிடந்தது. அசைப்பதாக நினைத்தாலே போதும், மூளையில் அதற்கென்று ஒரு துடிப்பு தெரியும். பழகிய குரல் சொன்னால் நல்லது என்றிருந்தார் மதுரை டாக்டர் தீபலட்சுமி. சொன்னதையே சொல்லி ரசூல் பீவிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

சவூதியில், தம்மாமில் லாரி கவிழ்ந்ததிலிருந்து அவர் இப்படித்தான். பாளையம்பட்டி வீட்டில் அவரைக் கொண்டுவந்து இறக்கிய அன்றே அவள் ஒரு சட்டம் போட்டாள். அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி யாரும் பேசக் கூடாது. பேசுவதென்றால் அவரோடு பேச வேண்டும். "இப்படிக் கெடக்குறதுக்குப் போயிரலாம்" என்ற உறவுக்காரியைப் பாதி டீயில் எழுப்பி அனுப்பினாள். முன்னறையில் நைட்டி விற்றாள். விலையில் அடம்பிடிப்பவர்களிடம், "அவுககிட்டக் கேட்டுட்டு வாரேன்" என்று உள்ளே போவாள். கேட்கவும் செய்வாள். கட்டுப்படியாகாதாம் என்று திரும்பி வருவாள்.

மகள் நர்கிஸுக்கு நிக்காஹ் குறித்தாகிவிட்டது. பெண்ணைத் தகப்பன் கொடுக்க வேண்டும். தகப்பனுக்கு நினைவில்லை என்றால் சிற்றப்பன் முஸாஃபர் கொடுக்கலாம். நர்கிஸுக்கு வேறு ஆண்துணை இல்லை. நினைவில்லை என்று ஜமாத்தில் ரசூல் பீவி ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த வார்த்தைதான் அவள் வாயில் வரவில்லை. தெரியாததை எப்படிச் சொல்வது என்று அவரை மதுரைக்கு ஏற்றி வந்துவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. துடிப்பு தெரியவில்லை. அதனால் உள்ளே ஆள் இல்லை என்றாகாது என்றார் டாக்டர். நினைவு எப்படி உண்டாகிறது என்பதில் விஞ்ஞானிகளே கட்சி பிரிந்து நிற்கிறார்கள். மூளையின் ஒரு மூலைக்கு வந்த சேதி, மைக்கில் சொன்னதுபோல் எல்லா மூலைக்கும் போய்ச் சேர்வதே நினைவு என்பது ஒரு கட்சி. மைக் வேண்டாம், பின்பக்க மூளை தனக்குள் பின்னிக் கிடக்கும் நெருக்கமே நினைவு என்பது இன்னொன்று. அப்துல் பாரிக்கு முன்பக்கம் பலத்த அடி. பின்பக்கம் பெரும்பாலும் தப்பியிருந்தது. முதல் கட்சிக்கு அவர் இல்லாதவராக இருக்கலாம். இரண்டாவதின்படி வெளிச்சமும் சத்தமும் வலியும் அவருக்கு இருக்கலாம். சொன்னதைச் செய்ய நினைக்கத்தான் முடியாமல் இருக்கலாம்.

நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்டாள். இன்னும் முடிவு பண்ணவில்லை என்றார் டாக்டர். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது.

நிக்காஹ்வுக்கு முந்தின நாள் முஸாஃபர் பொறுமையிழந்தார்.

"டாக்டருக்கே தெரியலன்னா இல்லைன்னுதான மதினி அர்த்தம்?"

"தெரியலன்னா தெரியலன்னுதான் தம்பி அர்த்தம்."

நிக்காஹ் நடத்திவைக்க வேண்டிய பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கு வந்தார். அவரிடம் இரண்டு கட்சியையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, பாரியால் பதில் சொல்ல முடியுமா என்றார். முடியாது என்றாள்.

"சொல்ல முடியாதவுகளுக்காகத் தம்பி சொல்லலாம்மா. நினைவில்லைன்னு நீங்க சொல்ல வேண்டாம்."

ரசூல் பீவி முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கொழுந்தனிடம் திரும்பினாள். "அப்ப மொதல்ல அவுககிட்டக் கேளுங்க."

அண்ணன் ஊர் திரும்பிய நாளிலிருந்து அவர் கட்டில் பக்கமே வராதவர் முஸாஃபர். இப்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய்க்குள்ளேயே ஏதோ முனகினார்.

"சத்தமாச் சொல்லுங்க தம்பி. காதுல விழட்டும்."

"அண்ணே, நாளைக்கு நம்ம நர்கிஸ ஒங்களுக்காக நான் குடுக்குறேன். சரிதானண்ணே?"

அப்துல் பாரியின் கண்கள் மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தன. அவர் யோசித்துச் சொல்லட்டும் என்று காத்திருப்பதுபோல ரசூல் பீவி சற்று நேரம் நின்றாள்.

"கேட்டாச்சு," என்றாள்.

மறுநாள் நிக்காஹ் மண்டபத்தில் நடந்தது. முஸாஃபர் பெண்ணைக் கொடுத்தார். வெயில் கடுமையாக இருந்தது. பிரியாணி எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. சாயங்காலம் நர்கிஸ் காரியாபட்டிக்குக் காரில் போனாள். ரசூல் பீவி கணவருக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுத்து, இடது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தாள். கடை திறக்கவில்லை.