கையை எடுத்தால் போய்விடும் படம்

போன கிழமை பக்கத்து வீட்டுக்கு டிஷ் பூட்ட ஒருவர் வந்திருந்தார். கூரையில் ஏறினார், கைத்தொலைபேசியைப் பார்த்துப் பார்த்துத் தட்டைத் திருப்பினார், ஆணியை இறுக்கினார், இறங்கிவிட்டார். "ஒருத்தரும் பிடிச்சுக்கொண்டு நிக்கத் தேவையில்லையோ தம்பி?" என்று மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். "எதைப் பிடிக்கிறது அன்ரி?" என்றார் பாவம். உங்களுக்கு விளங்கியிருக்கும். எங்கள் வயதுக்காரர் எல்லாரும் ஒருநாளாவது பிடித்தவர்கள்தானே.

மன்னார்ப் பள்ளிமுனையில் அந்தக் காலத்து அன்ரனாக்கள் எல்லாம் மேற்கே இந்தியாவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றன. மீன்முள்ளுப்போல அலுமினியக் குழாய்கள், அதைத் தாங்க ஓர் இரும்புக் கம்பம். கொழும்புப் படத்தைவிட அக்கரைப் படம்தான் எங்களுக்குத் தெளிவு. கடலுக்கு மேலால் தடையில்லாமல் வந்துவிடும். ஆனால் எங்கள் வீட்டுக் கம்பத்துக்கு ஒரு குணம். யாராவது கையால் பிடித்தால்தான் படம் நிற்கும், விட்டால் போய்விடும். மனித உடம்பும் அன்ரனாவோடு சேர்ந்து அலையை வாங்குகிறது என்று அண்ணா விளக்கம் சொல்வார். ரேடியோ திருத்தப் பழகியவர். பெரிய அன்ரனா வைத்து நட்சத்திரங்களிலிருந்து வரும் அலையையும் பிடிக்கிறார்கள் என்று அவர் ஒருநாள் சொன்னபோது, நானும் மச்சாளும் விழுந்து விழுந்து சிரித்தோம். மச்சாள் என்றால் அண்ணாவின் மனைவி, வாய்க்காரி. "முதல்ல செய்தியத் தெளிவாக் காட்டுங்கோ, பிறகு நட்சத்திரத்தப் பாப்பம்" என்றார்.

கடற்கரையில் நேவி முகாமிலும் ஓர் அன்ரனா இருந்தது. உயரக் கோபுரத்தில் ஓயாமல் சுற்றிக்கொண்டு, கடலில் யார் போகிறார்கள் என்று பார்க்கும் ராடர். சண்டை தொடங்கி, ஆண்பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கவே பயந்த நாட்கள் அவை. அண்ணா இந்தியாவுக்குப் போக முடிவெடுத்தார். "சின்னப் படகு, அலைக்குள்ள மறைஞ்சிடும். ராடருக்குத் தெரியாது. நான் போய் இடம் பாத்திட்டுக் கூப்பிடுறன்" என்று மச்சாளிடம் சொல்லிவிட்டு, பச்சைச் சேட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

கடிதம் வரவில்லை. ஒரு படகு கவிழ்ந்ததாம் என்று மட்டும் கதை வந்தது. யாருடைய படகென்று ஒருவருக்கும் தெரியாது.

அகதிகள் கரையேறுவதை இந்தியச் செய்தியில் அவ்வப்போது காட்டுவார்கள். அதனால் பின்னேரங்களில் கார் பற்றரியில் ரீவியைப் போட்டுவிட்டு மச்சாள் அதன் முன்னால் குந்திவிடுவார். கம்பம் என் பொறுப்பு. நான் கந்தோரில் தட்டச்சு வேலை செய்தேன். வந்த சேலையோடேயே தண்ணீர்ப் பீப்பாவில் ஏறி நிற்பேன். ரோட்டில் போகும் கழுதைகள்கூட நின்று என்னைப் பார்க்கும். உப்புக் காற்றில் கறள் பிடித்த கம்பம். அந்த மணம் சவர்க்காரம் போட்டாலும் உள்ளங்கையை விட்டுப் போகாது, மறுநாள் தட்டச்சு இயந்திரத்திலும் மணக்கும்.

ஒருநாள் உள்ளேயிருந்து மச்சாள் கத்தினார். "பிள்ளை, கொண்ணர்! கொண்ணர் நிக்கிறார்!"

என் அண்ணா. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். கம்பத்தை விட்டுவிட்டு ஓடினேன்.

பீப்பாவிலிருந்து விறாந்தைக்குப் பத்தடி இருக்கும். நான் போய்ச் சேர, ரீவி முழுக்க வெள்ளைப் புள்ளிகள் இரைந்துகொண்டிருந்தன. திரும்ப ஓடிப்போய்ப் பிடித்தேன். வேறு செய்தி வந்துவிட்டது.

"பச்சைச் சேட்டு. முதுகுதான் தெரிஞ்சது. திரும்பினவர்… முகம் வர முந்திப் படம் போயிட்டுது" என்றார் மச்சாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அன்று ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த முதுகை வைத்துக்கொண்டே அவர் மிச்சக் காலத்தைச் சீவித்தார். சண்டை முடிந்து இந்திய அகதி முகாம்களிலிருந்து திரும்பிய ஒவ்வொருவரிடமும் விசாரித்தோம். ஒருவரும் அண்ணாவைக் கண்டதில்லை. "நான் கண்டனான்" என்பார் மச்சாள்.

போன வருசம் மன்னார் ஆஸ்பத்திரியில், கதைக்கவே களைத்துப்போன நாட்களில், கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"ஏன் பிள்ளை கைய விட்டனீ?"

"எனக்கும் பாக்க ஆசையா இருந்தது மச்சாள்."

"ஓம். உனக்கும் அண்ணன்தானே" என்றார்.

இப்போது அந்தக் கம்பம் இல்லை, அக்கரைப் படத்துக்காக மேற்கே திரும்பி நின்ற கூரைகள் இல்லை, மச்சாளும் இல்லை. இந்தக் கார்த்திகையில், மரித்தோர் பூசைக்கு இறந்தவர்களின் பெயர்களை எங்கள் வேதக்கோயிலில் கேட்டார்கள். மச்சாள் இருந்தவரை அண்ணாவின் பெயரை எழுத விட்டதில்லை. இந்த முறை மச்சாளின் பெயரை எழுதினேன். அண்ணாவைக் கண்டேன் என்று சொல்ல இனி ஒருவரும் இல்லை. கீழே அண்ணாவின் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.