எதிர்க்கடையைப் பார்த்த மயில்

பேய், பிசாசு எதையும் நம்பாத ஆள் நான். புளியமரத்தடியில் படுத்துக் குறட்டை விட்டிருக்கிறேன். பேய் இருந்திருந்தால் அதுதான் தூக்கம் கெட்டு ஓடியிருக்கும். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நீங்கள் உதட்டைப் பிதுக்கினாலும் சரி, இது பட்டப்பகலில் நடந்தது.

ஆரணியில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது என் தொழில். வடக்குப் பார்த்து உட்காருவேன். இடது பக்கம் வாசல், வாசலுக்கு எதிரே தயாளன் கடை. அவனுக்கும் இதே தொழில்தான். அவன் பார்டர் வரைந்தால் காகிதத்தில் ஜரிகை ஓடும். பாதி நேரம் என் கழுத்து இடது பக்கம் திரும்பி, அவன் வாசலில் எத்தனை ஜோடி செருப்பு என்று எண்ணிக்கொண்டிருக்கும். கூடினால் அன்று சோறு இறங்காது.

போன வருஷம் ஒரு பட்டு வியாபாரி, மகள் கல்யாணத்துக்கு எங்கள் இருவரிடமும் மாதிரி கேட்டார். இது கிடைத்தால் ஊர்ப் பட்டுக்காரர்கள் எல்லாரும் என் பக்கம். எனக்கோ கோடு கூட நேராக வராது. அதனால் ஏஐயிடம், ‘பக்கத்தைச் சுற்றித் தங்க ஜரிகை, நான்கு மூலையிலும் மயில், எதிர்க்கடைக்காரன் வயிறு எரிய வேண்டும்’ என்று தட்டினேன். வந்த அழகைப் பார்த்து எனக்கே வயிறு எரிந்தது.

வியாபாரி தாளை வாங்கியதும் முகம் மாறினார்.

“இன்னாபா இது? மூணு மயிலு உள்ள பாக்குது, கீழ இடது மூலையில கீறது மட்டும் வெளிய பாத்துகினு இருக்குது? லட்சுமி வெளிய போவட்டும்னா?”

கல்யாணப் பத்திரிகையில் பறவை உள்ளே பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் பாடம். நான் கவனிக்கவில்லை, அப்போதும் செருப்புதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

“ஒரு நிமிஷம்ணா, ஜல்தி திருப்பிடறேன்.”

திருப்பினேன். கணினியில் அந்தக் கோப்பை மூடித் திறந்தால் மறுபடி இடது பக்கம். அழித்துவிட்டுப் புதிதாகக் கேட்டேன், அப்போதும் இடது பக்கம். வியாபாரி என் தாளையும் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினார். சற்று நேரத்தில் தயாளன் வாசலில் நின்று கத்தினான்: “இன்னாண்ணா, உன் மயிலுக்கும் என் கடை மேலதான் கண்ணா?”

எரிச்சலில் கணினி மேசையைத் தெற்குப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். இப்போது அவன் கடை எனக்கு வலது பக்கம். கோப்பைத் திறந்தேன். மயில் வலது பக்கம் பார்த்தது. அதாவது, ஒழுங்காக உள்ளே. வேலை கைவிட்டுப் போன பிறகு! மேசையைப் பழையபடி போட்டதும் மீண்டும் இடது. பத்திரிகைகளில் பிழை பார்க்கும் என் மனைவி கலா இதற்குச் சாட்சி.

தயாளன் சமீபத்தில் சேத்துப்பட்டில் பெரிய கடை போட்டுப் போய்விட்டான். எதிரே இப்போது டீக்கடை. இனி நிம்மதி என்று போன வாரம் ஒரு மத்தியானம் அந்தக் கோப்பைத் திறந்தேன். மயில் இடதும் பார்க்கவில்லை, வலதும் பார்க்கவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்தது.

“கலா, அது என்னயே பாக்குதுடி!”

அவள் என் பின்னால் வந்து நின்று குனிந்து பார்த்தாள்.

“உன்ன எவன்யா பாக்கறான்? நீ குறுக்க உக்காந்துகினு கீற. உனக்குப் பின்னால எந்த ஊரு கீதுன்னு யோசி.”

என் முதுகுக்குப் பின்னால் தெற்கு. தெற்கே சேத்துப்பட்டு.

அதிலிருந்து அந்தக் கோப்பைத் திறந்தால் நாற்காலியைக் கொஞ்சம் ஒதுக்கித்தான் போடுகிறேன். அங்கே எத்தனை ஜோடி செருப்போ, மயிலுக்காவது தெரியட்டும்.