டைப்பம்மா எழுந்து நிற்கவில்லை

"எல்லாரும் எழுந்து நில்லுங்க!" என்று பணியாள் குரல் கொடுத்ததும் நீதிமன்ற அறையின் நாற்காலிகள் ஒன்றாகக் கிறீச்சிட்டன. ஒன்று மட்டும் அசையவில்லை. நீதிபதியின் மேடைக்கு நேர் கீழே, கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த நாற்காலி அது.

அதில் இருந்தவளை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் டைப்பம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சாட்சி சொல்வதையும் நீதிபதி சொல்வதையும் முப்பத்தோரு வருடமாகத் தட்டச்சு செய்தவள். அன்றும் மேசையைப் பிடித்து எழத்தான் பார்த்தாள். பாதி எழுவதற்குள் நீதிபதி உட்கார்ந்துவிட்டார். புதிதாக மாற்றலாகி வந்தவர் அவர். கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு பார்வை பார்த்தார்.

வேலை கிடைத்த நாளில் நாத்தனார் பெருமூச்சு விட்டாள். "உனக்கென்ன அண்ணி, உட்கார்ந்த இடத்துல சம்பளம்!" யாருக்குத்தான் பொறாமை வராது? வெயில் இல்லை, மழை இல்லை. ஆனால் சாட்சி பேசும்போது தட்டச்சு செய்கிறவள் எழுந்து போக முடியாது. எழுந்தால் வழக்கு நிற்கும். அதனால் காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டாள் அந்தப் பேதை. மதியச் சாப்பாடும் அதே நாற்காலியில்தான். மாலையில் பஸ்ஸிலும் இடம் பிடித்து உட்கார்ந்து வீட்டுக்கு வருவாள். செருப்பைக் கழற்றினால் வீங்கிய காலில் வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரியும்.

அன்று மாலை இடுப்பு வலியைக் காட்டப் போனபோது டாக்டர் அம்மாள் அவளைப் படுக்கவைத்து, ஒரு முழங்காலை மார்போடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னாள். இன்னொரு தொடை மேசையில் படியாமல் தானாக மேலே தூக்கிக்கொண்டது.

"பாத்தீங்களா? முதுகெலும்புல ஆரம்பிச்சு தொடை எலும்பு வரைக்கும் ஒரு தசை ஓடுது. உட்கார்ந்தா அது மடங்கிக்கும். வருஷக்கணக்கா மடங்கியே கிடந்ததால குறுகிப்போச்சு. எழுந்தா முதுகை முன்னால இழுக்குது. பின்பக்கத் தசை வேலையையே மறந்துட்டுது. சர்க்கரையும் ஏறியிருக்கு."

"சரியாகுமா டாக்டர்?"

"பயிற்சி சொல்லித் தரேன். ஆனா அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கணும்."

டைப்பம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "கொலைக் கேஸ்ல சாட்சி பேசிட்டிருக்கும்போதா?"

"அப்படின்னா ஒரு நாள் அந்த நாற்காலியோடதான் உங்களைத் தூக்கணும்."

மறுநாள் மேசையில் ஒரு தாள் கிடந்தது. நீதிமன்றத்துக்கு அவமரியாதை செய்ததற்கு இரண்டு நாளில் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். தலைமை எழுத்தர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"டைப்பம்மா, இடுப்பு வலின்னு மட்டும் எழுதிடாதீங்க. மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவாங்க. அவங்க தகுதியில்லைன்னு ஒரு வரி எழுதினா வீட்டுக்குத்தான்."

"வேற என்னத்தை எழுத?"

"திமிருன்னு எழுதுங்க. திமிருக்கு மன்னிப்பு உண்டு. இடுப்புக்கு இல்லை."

வீட்டுக்குப் போவதா? அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி அவள் கணவருக்கு இதய அறுவைச் சிகிச்சை. அவள் வேலையில் இருக்கும்வரைதான் ஊழியர் மருத்துவமனையின் கதவு அவருக்குத் திறக்கும். அவரும் உட்கார்ந்து உழைத்தவர்தான். இருபத்தெட்டு வருடம் தொலைதூரப் பஸ் ஓட்டியவர்.

அன்று மாலை அவள் எழுதியதை அவர் வாங்கிப் படித்தார்.

"என்னடி இது? 'வேண்டுமென்றே எழுந்து நிற்கவில்லை'ன்னு எழுதியிருக்கே!"

"சும்மா இருங்க. பன்னிரண்டாம் தேதி தாண்டட்டும்."

"எனக்காக உன் பேரைக் கெடுத்துக்காதே."

"பேரா? எனக்குப் பேர் இருக்குன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு நான் டைப்பம்மா."

அவர் சிரிக்கப் பார்த்தார். மூச்சு வாங்கியது. அவர் நெஞ்சை அவள் தடவிவிட்டாள். இரண்டு பேரும் அழவில்லை. அழுதால் அவருக்கு ஆகாது என்று இதய டாக்டர் சொல்லியிருந்தார்.

மூன்றாம் நாள் முற்பகல் வழக்குகள் முடிந்ததும் நீதிபதி அவளுடைய விளக்கத்தைக் கையில் எடுத்தார்.

"எழுதிக்கோங்க" என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. அவளைத்தான். அந்த அறையில் எழுதிக்கொள்ள அவளைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

"இந்த நீதிமன்றத்தின் தட்டச்சர், தாம் வேண்டுமென்றே மரியாதை செய்யத் தவறியதை ஒப்புக்கொள்கிறார். மன்னிப்புக் கோருகிறார். வயதைக் கருதி, கடுமையாகக் கண்டித்து, மன்னிக்கப்படுகிறார்."

தன்னைப் பற்றிய கண்டனத்தைத் தன் விரல்களாலேயே அடித்தாள் அந்தப் பாவி. எத்தனையோ கொலைகாரர்களுக்குத் தீர்ப்பு அடித்த விரல்கள். 'கடுமையாக' என்ற சொல்லில் மட்டும் ஒரு எழுத்து விட்டுப்போயிற்று. திருத்தினாள்.

"இனியாவது மரியாதை தெரிஞ்சுக்கணும், அம்மா."

"சரிங்க ஐயா."

இடைவேளைக்காக நீதிபதி எழுந்தார். நாற்காலிகள் கிறீச்சிட்டன. டைப்பம்மா இரண்டு கைகளாலும் மேசையை அழுத்தினாள். தொடையின் அடியில் யாரோ கயிற்றைக் கட்டி இழுப்பதுபோல் இருந்தது. பல்லைக் கடித்தாள். உடம்பு எழுந்தது, பாதிவரை. அதற்கு மேல் இடுப்பு நிமிரவில்லை. முதுகு வளைந்து, தலை தாழ்ந்து, மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். நெற்றி வியர்வை விசைப்பலகையில் சொட்டியது.

மேடையிலிருந்து இறங்கிய நீதிபதி நின்றார். குனிந்த அந்த முதுகைப் பார்த்தார். முகம் இளகியது.

"இவ்வளவு வணங்க வேண்டாம், அம்மா. நிமிர்ந்து நின்னாலே போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.