நடுவில் கருத்த பொடி

என் வீட்டுக்காரர் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். ஒரு ரசாயனப் பொடி, நெருப்பே காட்டாமல் வெறும் சூட்டில் தானாகப் பற்றிக்கொள்ளுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நான் ஐந்தாவதோடு நின்றவள். அவர் சொல்லித்தான் இதெல்லாம் தெரியும்.

இரண்டு விரலால் பிடிக்கும் அளவில் ஒரு வலைப்பெட்டி. அதில் பொடியைப் போட்டுத் தட்டித் தட்டி நிரப்ப வேண்டும். பிறகு, சூட்டைக் காட்டும் கம்பியை நட்டநடுவில் செருகி, நூற்று நாற்பது டிகிரி அடுப்பில் ஒரு நாள் முழுக்க வைக்க வேண்டும். அடுப்பைவிடப் பொடியின் நடு அறுபது டிகிரி கூட ஏறிவிட்டால் அது ஆபத்தான சரக்கு.

அதே ஆலையில் உலர்த்தும் அறையில் இருக்கும் என் தம்பிக்கு இது கேலி.

"அத்தான், கருகுதா இல்லையான்னு பார்க்க ஒரு ஆபீசா? எங்க அக்கா சமையக்கட்டுல வந்து நில்லுங்க, போதும்."

"மூணு வேளையும் அதை முழுங்குறது நீதானே மச்சான்!"

போன மாதம் ஒரு மாலை அவர் முகம் செத்துப்போய் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தப்பு பண்ணிட்டேன். கம்பியைச் செருகிட்டு அப்புறமா தட்டியிருக்கேன். நுனி நகர்ந்து வலையோரம் ஒட்டிக்கிச்சு போல. அது அடுப்புச் சூட்டைத்தான் காட்டியிருக்கு. ஆபத்தில்லைன்னு எழுதியும் கொடுத்தாச்சு. இன்னிக்குப் பெட்டியைக் கழுவப் போனா, நடுவுல கரிக்கட்டை."

"மேலே சொன்னீங்களா?"

"போன வருஷமே ஒரு தப்புக்கு எழுதி வாங்கிட்டாங்க. இன்னொண்ணுன்னா வேலை போயிடும்."

நான் கண்ணை மூடி, அவர் வேலை போகக் கூடாது என்று கடவுளை வேண்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்கத் தோன்றியது.

"அந்தச் சரக்கு இப்ப எங்கே?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "காலையில உலர்த்துற அறைக்குப் போகுது. குவியலாக் கொட்டினா இன்னும் கம்மிச் சூட்டுலயே பிடிச்சிடும்."

என் தம்பி நிற்கிற அறை. நான் வேண்டியதை நினைத்து எனக்கே உடம்பு கூசியது. "எழுந்திரிங்க. இப்பவே போய்ச் சொல்லுங்க."

போனார். காலையில் பேசிக்கொள்ளலாம் என்று அதிகாரி அனுப்பிவிட்டார். விடிந்ததும் இவர் நேராக உலர்த்தும் அறை வாசலில் போய் நின்றுகொண்டாராம்.

"அத்தான், வழி விடுங்க. எல்லாரும் பார்க்கிறாங்க, மானம் போகுது."

"போகட்டும்டா. நீ உள்ளே போகாதே."

சண்டை பெரிதாகி அதிகாரி ஓடிவந்தார். மறுபடி சோதித்தார்கள். மூன்றே மணி நேரத்தில் பொடியின் சூடு இருநூறைத் தாண்டியது. மூட்டைகள் திரும்பிப் போயின.

விளக்கம் கேட்டார்கள். 'கம்பியைச் செருகியபின் தட்டினேன். நுனியைப் பார்க்கவில்லை' என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். முடிவு வரும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இன்றோடு பதினெட்டு நாள். தினமும் அதே நேரத்துக்குக் குளித்து, வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்கிறார். தம்பி தெருவில் நின்று, "அத்தான், போயிட்டு வர்றேன்" என்று குரல் கொடுக்கிறான். இவர் வாசல் வரை வந்து, "சரி மச்சான், பார்த்துப் போ" என்கிறார். அவன் முனை திரும்பும்வரை நின்றுவிட்டு, உள்ளே வந்து சட்டையைக் கழற்றுகிறார்.