யாரோ ஒரு மனுஷன்

எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கு தினமும் காலை ஏழரை மணிக்கு விசாரணைக்கு வரும். இல்லை என்பவர் கோதண்டபாணி. உண்டு என்பவர் ஆசிஃப் பாய். இடம், ராஜா அண்ணாமலைபுரத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே தூங்குமூஞ்சி மரத்தடி. தீர்ப்பு சொல்ல ஆள் கிடையாது. நான் சொல்லலாம் என்றால் எனக்கே தெளிவில்லை. சாமி கும்பிடாத அப்பா ஆசையாக நெடுஞ்செழியன் என்று பெயர் வைத்தார். நானோ சனிக்கிழமை தவறாமல் ஆஞ்சநேயருக்கு வெற்றிலை மாலை சாத்துகிறேன். மற்ற ஆறு நாளும் அவரை நினைப்பதில்லை.

கோதண்டபாணிக்கு ஐம்பத்திரண்டு வயது. ராமர் பெயரை வைத்துக்கொண்டு ராமரே இல்லை என்கிறாயே என்று யாராவது சீண்டினால், "பேரு எங்கப்பன் முடிவு. இது என் முடிவு" என்பார். அவருடைய ஆட்டோவின் பின் கண்ணாடியில் அம்மன் இல்லை, மாதா இல்லை, பிறை இல்லை. மகள் பெயர் 'கயல்' மட்டும் இருக்கிறது. ஆயுத பூஜை அன்று வண்டியைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்துவார், பொட்டு வைக்க விடமாட்டார். மற்றவர்கள் கொடுக்கும் பொரியை மட்டும் ஒரு பிடி விடாமல் சாப்பிடுவார். மனைவி செண்பகம் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் இவர்தான் கொண்டுபோய் விடுவார். செண்பகம் உள்ளே போய் வரும்வரை வாசலில் அவருடைய செருப்புக்குக் காவல்.

அவருக்கு நன்றி தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. அடையாற்றங்கரையில் குடியிருந்தபோது 2015 வெள்ளத்தில் வீடு போனது. கழுத்தளவு தண்ணீரில் கயலைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றவரைப் படகில் இழுத்துப் போட்டவர் ஒரு பட்டினப்பாக்கத்து மீனவர். அப்புறம் அரசாங்கம் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தது. தினமும் அங்கிருந்து இருபது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வருகிறார். ஆனாலும் ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு வேட்டி வாங்கிக்கொண்டு அந்த மீனவர் வீட்டுக்குப் போய்விடுவார். "நன்றின்னா மூஞ்சியப் பாத்து சொல்லணும் சார். மேல பாத்து சொன்னா, யார் வாங்கிக்கினாங்கன்னு எப்படித் தெரியும்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். நான் எழுபது பைசா ஜெராக்ஸில் கவனமாக இருப்பதுபோல் நடித்தேன்.

போன ரம்ஜான் மாதத்தில் செண்பகத்துக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முன்பே ரத்தம் மிகவும் குறைந்துபோயிருந்தது. ஓ நெகட்டிவ். ஒரு பாட்டில் கையில் இருக்கிறது, இன்னொன்று இல்லாமல் கத்தி வைக்க மாட்டோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோதண்டபாணி என் கடைக்கு வந்து 'ரத்தம் தேவை' என்று நூறு நோட்டீஸ் போடச் சொன்னார்.

"ஆசிஃப் பாய் லைசென்ஸ்ல இதே குரூப்தானே போட்டிருக்கு?" என்றேன்.

"தெரியும் சார். ஆனா அவராண்ட கேக்காத. நோன்புல கிறாரு. நமக்கு நம்பிக்க இல்லன்னா அவருதையும் கெடுக்கணுமா?"

சொல்லிவிட்டு நோட்டீஸ் கட்டோடு போய்விட்டார். நான் ஒன்றை என் கடைச் சுவரில் ஒட்டினேன். அரை மணி நேரத்தில் ஆசிஃப் பாய் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "வா சார், போலாம். எனக்கு ஆஸ்பத்திரின்னா பேஜாரு, தொணைக்கு வா" என்றார்.

ரத்த வங்கியில் நர்ஸ், சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். விடியும் முன் சாப்பிட்டது என்றார் பாய். வெறும் வயிற்றில் எடுக்க மாட்டோம், ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார் நர்ஸ். எதிரே ஒரு கையேந்தி பவன். பதினேழு நாள் ஒன்றுகூட விடாமல் நோன்பு வைத்திருந்த மனிதர், பட்டப்பகலில் நடுத்தெருவில் நின்று இட்லித் தட்டைக் கையில் வாங்கினார். ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "பரவால்ல சார். உயிரக் காப்பாத்த விடலாம். அப்பறமா ஒரு நாள் வெச்சு ஈடு கட்டிடணும், அவ்ளோதான்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

திரும்பி வரும்போது என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினார். "பாணியாண்ட சொல்லாத சார். தெரிஞ்சா என்கூட சண்ட போட மாட்டான். அவன் சண்ட போடலன்னா எனக்குக் காலைல வண்டியே ஸ்டார்ட் ஆவாது."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. செண்பகம் தேறி எழுந்தார். அவருக்கு நன்றி சொல்லக் கோயில் இருந்தது, போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கோதண்டபாணி பாடுதான் திண்டாட்டம். டாக்டரைப் பார்த்துச் சொன்னார், நர்ஸைப் பார்த்துச் சொன்னார், ஸ்ட்ரெச்சர் தள்ளியவரைக்கூடத் தேடிப்பிடித்துச் சொன்னார். ரத்தம் கொடுத்தவர் பெயரை மட்டும் ரத்த வங்கியில் சொல்ல மறுத்துவிட்டார்கள். நாலு தடவை போய்க் கெஞ்சினார். ஒரு வேட்டி வாங்கி ஆட்டோ சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஆள் தெரியாமல் அலைந்தார். "சோறு எறங்கல சார். யாருன்னே தெரியாம எப்படி?" என்பார். எனக்கு நாக்கு நுனிவரை வரும். சத்தியம் செய்துவிட்டோமே என்று விழுங்கிக்கொள்வேன்.

இதில் கொடுமை, காலை விசாரணையில் அதையே அவர் சாட்சியாக்கிவிட்டார். "ரத்தம் குடுத்தது யாரு பாய்? யாரோ ஒரு மனுஷன். உங்க ஆளு எறங்கி வந்து கைய நீட்டி ஊசி குத்திக்கினாரா?" என்பார். பாய் தாடியைத் தடவிக்கொண்டு, "அந்த மனுஷன யாரு அனுப்புனதுன்னு யோசி" என்பார். இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

ஜூன் மாதம், அனல் பறக்கும் ஒரு புதன்கிழமை. வழக்கம்போல் கோதண்டபாணி மூன்று டீ வாங்கிக்கொண்டு வந்தார். பாய் வேண்டாம் என்று கையசைத்தார்.

"ஏன்?"

"நோன்பு."

"ரம்ஜான் போய் எத்தினி நாளாச்சு! இன்னா பாய், உங்க ஆளு ஓவர்டைம் கேக்கறாரா?"

ஸ்டாண்டே சிரித்தது. பாயும் சிரித்தார். எனக்குத்தான் சுர்ரென்று ஏறிவிட்டது. என் முன்கோபம் ஊரறிந்தது. "யோவ் பாணி! உன் பொண்டாட்டிக்கு ரத்தம் குடுக்க விட்ட நோன்பய்யா அது! அதத்தான் இன்னிக்கு ஈடு கட்டறாரு. யாரோ ஒரு மனுஷன், யாரோ ஒரு மனுஷன்னு ரெண்டு மாசமா அவர் மூஞ்சிக்கு நேராவே கத்திக்கினு கிறியே!" என்று கத்திவிட்டேன்.

கோதண்டபாணி பாயைப் பார்த்தார், பாய் தரையைப் பார்த்தார். கோதண்டபாணி கையில் இருந்த டீயை அப்படியே என் கடை மேஜையில் வைத்துவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். "ஏன் சார் சொன்ன?" என்றார் பாய், கோபமில்லாமல். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. ஒரு நல்ல சிநேகிதத்தை என் வாய் கெடுத்துவிட்டதே என்று அன்று பகலெல்லாம் எனக்கு வேலை ஓடவில்லை.

மாலை ஆறரைக்கு பாய் ஒரு பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு ஆட்டோவில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஊரே கூடித் திறக்கும் ரம்ஜான் நோன்பு வேறு, இது வேறு. அப்போது கோதண்டபாணியின் வண்டி வந்து நின்றது. பின் சீட்டில் செண்பகம், மடியில் தூக்குச்சட்டி. பாயின் மனைவி சகினாவுக்குப் போன் போட்டுப் பக்குவம் கேட்டு நோன்புக் கஞ்சி காய்ச்சி எடுத்து வந்திருந்தார். கோதண்டபாணி இறங்கினார். உதடு வெடித்துப்போயிருந்தது.

"நீ இன்னும் சாப்புடல போலக்கீதே?" என்றார் பாய்.

"காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல."

"நைனா, நம்பிக்க இல்லாம பட்டினி கெடந்தா அது நோன்பு ஆவாது."

"எனக்கு அதெல்லாம் தெரியாது பாய். நீ தனியாப் பசியோட கெடந்தா எனக்கு எறங்காது." சீட்டுக்கு அடியிலிருந்து அந்த வேட்டியை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். "ரொம்ப நன்றி பாய்" என்றார். அவ்வளவுதான், விசும்பிவிட்டார். செண்பகம் பாயைப் பார்த்துக் கைகூப்பினார். பாய் வேட்டியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. பாய் பழத்தை வாயில் போட்டு உதட்டுக்குள் ஏதோ வேண்டினார். எல்லோருக்கும் கஞ்சி ஊற்றினார் செண்பகம், எனக்கும் ஒரு டம்ளர்.

"இன்னா வேண்டிக்கின?" என்று கேட்டார் கோதண்டபாணி.

"நாளைக்கும் நீ என்கூட சண்ட போடணும்னு."

கோதண்டபாணி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு செண்பகத்தோடு கிளம்பிவிட்டார். நாளைக்குச் சண்டை நடக்குமா என்று எனக்கு அன்று தூக்கம் சரியாக இல்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு ஷட்டரை பாதி தூக்கியிருப்பேன். எதிரே மரத்தடியிலிருந்து அந்தக் குரல் வந்தது: "பாய்! நேத்து பகல் பூரா எனக்கு அந்தப் பசி பசிச்சுதே, உங்க ஆளு வந்து ஒரு பன்னாவது குடுத்தாரா?"

"அதான் சாயங்காலம் கஞ்சி அனுப்புனாரே!"

"அது செண்பகம் காய்ச்சுனது!"

ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு, மரத்தடிப் பக்கம் திரும்பி நின்று இரண்டு கையையும் கூப்பினேன். அன்றைக்கு சனிக்கிழமைகூட இல்லை.