யன்னலோரத்துப் பிரேக் ஒயில்

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது என் மனைவிதான். இன்றைக்கும் அப்படித்தான். எனக்குக் கண் மங்கிவிட்டது, அவளுக்கு மங்கவில்லை. நான் பக்கத்தில் இருந்துகொண்டு, கொழும்பின் காலி வீதியில் எந்தக் கடை மூடியிருக்கிறது, எங்கே புதிதாக மாடி எழும்புகிறது என்று வேடிக்கை பார்த்துக்கொண்டு போவேன். வயதான காலத்தில் இதைவிடச் சுகமான வேலை எனக்குத் தெரியாது. ஆனால் நடுவில் ஏறக்குறைய இரண்டு வருடம் அவள் ஸ்டியரிங்கைத் தொடாமல் இருந்தாள். அதற்குக் காரணம் நான்.

யுத்த காலத்தில் அவள் ஓட்டியது எங்கள் இருவருக்கும் வசதியாக இருந்தது. அவள் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். சிங்களம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். சோதனைச் சாவடியில் நான் வாயைத் திறந்தால் அடையாள அட்டையைக் கேட்பார்கள். அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்தால் இறங்கச் சொல்வார்கள். அவளோ கண்ணாடியை இறக்கி, "மல்லி, இன்னும் சாப்பிடேல்லையோ?" என்று சிங்களத்தில் கேட்பாள். மல்லி என்றால் தம்பி. அநேகமான நாட்களில் கையைக் காட்டிப் போகச் சொல்லிவிடுவார்கள்.

அவள் ஓட்டுவாள், காரைப் பராமரிப்பது நான். வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒயில், தண்ணீர், பற்றரி, பிரேக் எல்லாம் என் பொறுப்பு. ஒரு படித்த மனிதனுக்குப் பழைய ஜப்பான் கார் ஒன்றைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்ற நினைப்பு எனக்கு.

பிரேக் ஒயில் என்று நாங்கள் சொன்னாலும் அது எண்ணெயே அல்ல. என்ஜின் ஒயிலைத் தப்பித்தவறி அதற்குள் ஊற்றினால் உள்ளே இருக்கும் இறப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். தகரத்தில் டொட் மூன்று, டொட் நான்கு என்று போட்டிருக்கும். இரண்டும் கிளைக்கோல் வகை. அவசரத்துக்கு ஒன்றோடு ஒன்றைக் கலக்கலாம். நான்கு கொஞ்சம் கூடிய வெப்பத்தைத் தாங்கும். டொட் ஐந்து என்பது சிலிக்கன். அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பிற்காலத்தில் வந்த ஐந்து தசம் ஒன்று, எண்ணைப் பார்த்தால் ஐந்தின் தம்பி போலத் தோன்றினாலும் மறுபடி கிளைக்கோல்தான். இந்தக் கிளைக்கோல் வகைகளுக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏற ஏற அது கொதிக்கும் வெப்பநிலை இறங்கும். அதனால்தான் கார் ஓடினாலும் ஓடாமல் நின்றாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதையும் மாற்ற வேண்டும். திறந்த தகரத்தில் மிஞ்சியதை வைத்திருந்து பாவிக்கக் கூடாது.

இதையெல்லாம் நான் பிறகு படிக்கவில்லை. அப்போதே தெரியும். கிளைக்கோல் ஈரத்தை உறிஞ்சும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான்.

எங்கள் ஒழுங்கையில் கார் வைத்திருந்த தமிழர் எவரும் அந்த நாட்களில் டிக்கியில் எந்தத் திரவத்தையும் கொண்டு திரிவதில்லை. ஒருமுறை என் டிக்கியில் இருந்த பிரேக் ஒயில் தகரத்தை ஒரு ஆமிக்காரன் எடுத்து, மணந்து பார்த்து, விரலால் தொட்டுப் பார்த்து, மேலதிகாரியைக் கூப்பிட்டு, அவர் இன்னொருவரைக் கூப்பிட்டு, நாங்கள் வெயிலில் நின்றோம். அன்றைக்கே தகரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறை யன்னலோரத்தில் வைத்தேன். அந்த யன்னல் கடலைப் பார்த்தது. அந்த வீட்டில் உப்புப் போத்தலுக்குள் உப்பு ஒருநாளும் உலர்ந்து இருந்ததில்லை. தகரத்தின் மூடி எங்கேயோ தொலைந்துபோக, பத்திரிகைத் தாளைச் சுருட்டி அடைத்துவைத்தேன். காரில் அளவு குறையும்போதெல்லாம் அதிலிருந்து கொஞ்சம் ஊற்றினேன். பிரேக் கட்டைகள் தேயத் தேயத்தான் அளவு இறங்கும் என்பதையும் யோசிக்கவில்லை. பழையதை ஒருநாளும் மாற்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் இருந்த அவளுடைய அக்கா வீட்டுக்குச் சாப்பாட்டுக்குப் போனோம். எங்கே மறிப்பார்கள் என்று தெரியாததால் அவள் எப்போதும் பிரேக்கில் கால் வைத்தபடியே ஓட்டுவாள். அன்று வழிநெடுகச் சாவடி. கோட்டைப் பகுதிக்குக் கிட்டப் போகும்போது தேய்ந்த கட்டைகளின் சூடு உள்ளே ஏறியிருக்க வேண்டும். கையைக் காட்டி மறித்தார்கள். அவள் மிதித்தாள். கார் நிற்கவில்லை.

தெருவில் கீறியிருந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டி, மண் நிரப்பிய பீப்பா ஒன்றில் இடித்து நின்றது. அதற்கிடையில் அவள் கைபிரேக்கையும் இழுத்திருந்தாள். துவக்குகள் எங்களை நோக்கித் திரும்பின. அவள் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு, நடுக்கமில்லாத குரலில், "மல்லி, பிரேக் நெஹெ" என்றாள். பிரேக் இல்லையாம்.

எங்களை இறக்கி, காரை முழுக்கக் கிளறினார்கள். பிறகு ஒருவன் உள்ளே ஏறி இருந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தான். கல்லுப்போல நின்றது.

"இருக்குதே" என்றான் சிங்களத்தில். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஈரம் ஏறிய பிரேக் ஒயில் கொதித்து, குழாய்க்குள் ஆவி கட்டியிருக்கிறது. ஆவியை மிதித்தால் கால் சும்மா கீழே போகும். அது ஆறியதும் பிரேக் திரும்பவும் வந்துவிட்டது. ஆனால் துவக்குக்கு முன்னால், உடைந்த சிங்களத்தில் இதை எப்படி விளங்கப்படுத்துவது? ஐயாவுக்கு மாத்தயா, அம்மாவுக்கு நோனா என்ற அளவில்தான் என் சிங்களம். நான் சொன்னேன்: "நோனா இன்னும் பழகுறா, மாத்தயா. பயத்தில கிளச்சை மிதிச்சிட்டா."

அவர்கள் சிரித்தார்கள். இனி நீ ஓட்டு என்று என்னிடம் சொல்லி விட்டுவிட்டார்கள். அந்தப் பொய்க்காக நான் வருந்தவில்லை. அது எங்களைக் காப்பாற்றியது.

நான் கியரிலேயே வேகத்தைக் குறைத்து, ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினேன். கொஞ்சத் தூரம் போனதும் அவள் மெதுவாகச் சொன்னாள்:

"நான் பிரேக்கைத்தான் மிதிச்சனான்."

"பதட்டத்தில ஆருக்கும் தெரியாது, எதை மிதிக்கிறம் எண்டு" என்றேன்.

நான் வருந்துவது இந்த வார்த்தைக்காக.

அக்கா வீட்டில் கதை என் வாயாலேயே வெளியே வந்தது. அக்காவின் கணவர் துறைமுகத்தில் வேலை. என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

"மாஸ்டர், இனி தங்கச்சியைப் பின்சீட்டில இருத்துங்கோ" என்றார். "கோயிலுக்கு நேர்ந்துவிட்ட மாடு மாதிரி அந்தப் பீப்பாவில போய் முட்டியிருக்கிறா."

"அவவுக்குப் பீப்பாவைக் கண்டா ஒரு இது" என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். நான் இறைச்சிக்கறியை இரண்டாம் தரம் போட்டுக்கொண்டேன். அங்கே ஆமி இல்லை, துவக்கும் இல்லை. உண்மையைச் சொல்ல என்ன தடை? இரசாயனவியல் படிப்பிக்கிறவன் தன் காரின் பிரேக்குக்குள் தண்ணீர் வைத்திருந்தான் என்று அந்த மேசையில் சொல்ல எனக்கு வெட்கம். அவ்வளவுதான்.

அடுத்த நாள் தனியாகத் தெமட்டகொடையில் ஒரு கராஜுக்குப் போய்க் கட்டைகளையும் பிரேக் ஒயிலையும் மாற்றினேன். வெளியே வந்த பழையது, சாயம் கூடிப்போன பிளேன்டீ மாதிரி இருந்தது. யன்னலோரத்துத் தகரத்தை எறிந்தேன். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பின் அவள் ஓட்டவில்லை. நான் கேட்டால், "வேண்டாம், எனக்குக் கை சரியில்லை" என்பாள். சாவடிக்குச் சாவடி நான் இறங்கினேன், அவள் காத்திருந்தாள். நான் பிரேக் போடும்போதெல்லாம் பக்கத்தில் அவளுடைய வலது காலும் வெறும் தரையை அழுத்துவதைக் கண்டேன். கண்டும் சும்மா இருந்தேன்.

அடுத்த முறை பிரேக் ஒயில் மாற்றும் காலம் வந்தபோது அந்தக் கராஜ்காரர் மத்திய கிழக்குக்குப் போய்விட்டிருந்தார். நானே செய்வோம் என்று நினைத்தேன். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சில்லுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய திருகாணியைத் தளர்த்திப் பழையதை வெளியேற்றி, திரும்ப இறுக்கிய பிறகுதான் காலை எடுக்கலாம். அவளைக் கூப்பிட்டேன். மறுக்காமல் வந்து ஏறினாள்.

நான் நிலத்தில் படுத்துக்கொண்டு, "மிதியும்... பிடியும்... இப்ப விடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே பிரேக் ஒயில் ஊற்றும் கிண்ணத்தில் அளவு இறங்கியதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். குழாய்க்குள் காற்றுப் போய்விட்டது.

"இஞ்சேருங்கோ, நிப்பாட்டுங்கோ" என்றாள்.

"என்ன?"

"கால் சும்மா கீழ போகுது. அண்டைக்கும் இப்பிடித்தான் போனது."

படுத்த இடத்தில் இருந்து பார்த்தால் அவளுடைய முகம் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிந்ததோ என்னவோ.

"ஓம்" என்றேன். "அண்டைக்குப் பிரேக் இல்லைத்தான். பிழை என்ரது." தகரம், கடற்காற்று, கொதித்தது, ஆறியது எல்லாவற்றையும் சொன்னேன்.

"அங்க வைச்சே தெரியுமோ?"

"தெரியும்."

"ஆமிக்குச் சொன்னது சரி. எனக்கு ஏன் சொன்னீங்கள்?"

நான் திருகாணியை இறுக்கினேன்.

"இப்ப காலை எடுக்கவோ, இன்னும் பிடிக்கவோ?" என்றாள். நான் சொல்லாததால் அவ்வளவு நேரமும் மிதித்தபடியே இருந்திருக்கிறாள்.

"எடும்."

"முதல்ல காத்தை வெளிய விடுங்கோ. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டை போவம். காரை நான் ஓடுறன். நீங்கள் அங்க கதையுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை அவள் ஏறியதும் முதல் வேலையாக, என் காலுக்காகப் பின்னுக்குத் தள்ளியிருந்த சீட்டைத் தன் அளவுக்கு முன்னே இழுத்தாள். முதல் சாவடியில் அவளுடைய கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. கோட்டைக்குக் கிட்ட வரும்போது பிடி தளர்ந்துவிட்டது. கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினாள்.

மேசையில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவின் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப கெமிஸ்ட்ரி மாஸ்டரின்ர பிரேக்கில தண்ணி?"

"ஓம்."

"நானும் சும்மா இவவைப் பகிடி பண்ணிக்கொண்டு இருந்திட்டன்" என்று அவள் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, குறை நினையாதையும்."

"நினைச்சனான்தான்" என்றாள் அவள். "இனி மாஸ்டரைப் பகிடி பண்ணுங்கோ." பிறகு இறைச்சிக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அன்று எனக்கு ஒரு துண்டுதான் கிடைத்தது. பகிடி மட்டும் தேவைக்கு மேல் கிடைத்தது.

திரும்பி வரும்போது ஒரு சாவடியில் இளம் ஆமிக்காரன் ஒருவன் குனிந்து என்னைப் பார்த்து, மாத்தயா ஏன் ஓட்டவில்லை என்று அவளிடம் கேட்டான்.

அவள் சிங்களத்தில் சொன்னாள்: "மாத்தயா இன்னும் பழகுறார், மல்லி."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். முன்பு அந்த மேசையில் அவள் என்ன மனதோடு சிரித்திருப்பாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் கியரைப் போட்டுக் காரை எடுத்தாள்.